நம் கதையை யார் சொல்வது?

(நூற்பாலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், கைபேசியும் காமிராவும் எடுத்துக்கொண்டு ஊர்க்கதை சேகரிக்கப் புறப்பட்டுள்ள வாலிபர்களுக்காக நடைபெற்ற ஒருநாள் முகாமில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடித்து, கண் மூடாமல் வந்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் உண்டு. களத்துமேட்டிலிருந்து நேராக வந்தவர்களும் உண்டு. ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கீழத்தஞ்சையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆயா. நடவுப் பாட்டில் அந்த வட்டாரத்தில் அவருக்கு ஈடு கிடையாது. இப்போது அங்கே பாதி வயலில் இயந்திரம் நடுகிறது. இயந்திரத்துக்குப் பாட்டு எதற்கு? பாட்டு ஆயாவோடு போய்விடுமே என்று பதறி, படம் எடுக்கத் தெரிந்த ஒரு தம்பியையும் அழைத்துக்கொண்டு போனோம். அவர் எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இருப்பவர் அல்ல. எழுதுவார், படம் எடுப்பார், குரல் பதிவு செய்வார். எவர் வாங்குகிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பார். ‘பிரீலான்ஸ்’ என்கிறார்களே, அது.

ஆயா இருபது நிமிடம் பாடினார். முதல் பாதியில் மழை வந்தது, நாற்று வந்தது, அண்ணன் கொண்டுவரும் சீர் வந்தது. இரண்டாம் பாதியில் பண்ணை வந்தது. கூலி அளக்கிற மரக்கால் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துப் போன கதை. பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வரப்பேறியவளைக் காரியக்காரன் ஏசிய கதை. எங்களுக்குக் கண் கலங்கிற்று. நன்றி சொன்னோம். பஸ் ஏறினோம்.

தம்பி அந்தப் படத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். இருபது நிமிடம் யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் மூன்று நிமிடமாக வெட்டினார்கள். எந்த மூன்று நிமிடம்? நீங்களே ஊகிக்கலாம். மழை நின்றது, நாற்று நின்றது, சீர் நின்றது. மரக்கால் போயிற்று. கடைசியில் அந்த மூன்று நிமிடமும் ஒரு அரிசி விளம்பரத்துக்குப் பின்பாட்டாக ஆயிற்று. தம்பிக்குக் கிடைத்தது பஸ் செலவும் இரண்டு நாள் கூலியும். ஆயாவுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

அடுத்த முறை நாங்கள் அந்த ஊருக்குப் போனபோது ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: “ஏந்தம்பி, எம் பேரன் போன்ல காட்டுனான். எங் கொரலு இருக்குது, எம் மொகம் இல்ல. நான் சொன்ன சேதியும் அதுல இல்ல. அப்ப அது யாரு பாட்டு?”

எங்களிடம் பதில் இல்லை. பாடச் சொல்லிக் கேட்டோமே தவிர, பாட்டை என்ன செய்வோம் என்று சொல்லிக் கேட்கவில்லை. எடுத்ததை அவருக்குக் காட்டவும் இல்லை. தவறு எங்களுடையது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த முகாம்.

பொம்மக்கா, திம்மக்காவுக்கு நேர்ந்தது

இந்த வெட்டு இன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. காமிரா வருவதற்கு முன்பே கத்தரிக்கோல் இருந்தது.

நெல்லைச் சீமையில் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்று கும்பிடப்படுகிறவர் அவர்தான். பிராமணப் பிள்ளை. அருந்ததியர் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் மனம் வைக்கிறான். அப்பன் வாலப்பகடை என்ன சொல்கிறான்? குடுமியை அறு, பூணூலைக் கழற்று, தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்துக் காட்டு, அப்புறம் பெண் கேள் என்கிறான். முத்துப்பட்டன் செய்கிறான். மணமுடிக்கிறான். பிறகு மாமனார் வீட்டு மாட்டைக் காக்கப் போய், கள்ளர்களோடு சண்டையிட்டு மடிகிறான். இன்றும் அந்தக் கோயிலில் ஜனங்கள் நேர்ந்துகொண்டு தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

செருப்புத் தைத்தவனைத் தெய்வமாக்கிய கதை இது! சாதித் திமிர் பிடித்தவர்களுக்கு இது பொறுக்குமா? பொறுக்கவில்லை. பிற்காலத்தில் கதைக்குள் ஒரு செருகல் நுழைந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம். காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம்! அதாவது கல்யாணத்தில் சாதி மீறலே நடக்கவில்லையாம்!

இந்தச் செருகலைப் பிரித்துக் காட்டியவர் பேராசிரியர் நா. வானமாமலை. அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1964-இல், ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ என்ற தொகுதியைக் கொண்டுவந்தவர் அவர். நடவு நடுகிறவள், ஏற்றம் இறைக்கிறவன், ஒப்பாரி வைக்கிறவள் பாடிய பாட்டையெல்லாம் ‘இதுவும் இலக்கியம், இதுவும் சரித்திரம்’ என்று அச்சில் ஏற்றினார். அவரிடம் காமிரா இல்லை. ஊர் ஊராய்ச் சொல்லி வைத்த நண்பர்கள் இருந்தார்கள். காதும் நோட்டுப் புத்தகமும் இருந்தன.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? கதையை அழிக்க அதை எரிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டினால் போதும். மரக்காலை வெட்டியதும் அதே வேலை. பொம்மக்காவின் குலத்தை மாற்றியதும் அதே வேலை.

பெயர் எழுதிய படங்கள்

எரித்த சம்பவமும் உண்டு.

1943-இல் வங்காளத்தில் பஞ்சம். ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். வெள்ளைக்கார சர்க்கார் அதைப் பஞ்சம் என்று அறிவிக்கக்கூட இல்லை. அந்த நேரத்தில் இரண்டு வாலிபர்கள் கிராமங்களுக்குள் போனார்கள். ஒருவர் ஓவியர் சித்தபிரசாத். மற்றவர் சுனில் ஜானா. படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஆசைக்குப் படம் பிடித்தவர். கம்யூனிஸ்டுக் கட்சியின் அப்போதைய பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷி அவர்களை அனுப்பினார். கட்சி வாரப் பத்திரிகை ‘பீப்பிள்ஸ் வார்’ அவர்களுடைய படங்களை வெளியிட்டது.

சித்தபிரசாத் மேதினிப்பூர் ஜில்லாவைக் கால்நடையாய்ச் சுற்றினார். வரைந்த மனிதரின் பெயரைப் படத்தோடு எழுதினார். எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று எழுதினார். எலும்புக்கூட்டை வரைந்து ‘பஞ்சம்’ என்று தலைப்பிட்டால் பார்ப்பவன் உச்சுக் கொட்டிவிட்டுப் போவான். ‘இவர் இன்னார், இந்த ஊர்க் குடியானவர், நிலத்தை இப்படி இழந்தார்’ என்று எழுதினால், யாரிடம் இழந்தார் என்ற கேள்வி கூடவே வந்துவிடும். அந்தக் கேள்விக்குத்தான் சர்க்கார் பயந்தது. ‘பட்டினி வங்காளம்’ என்று பொருள்படும் பெயரில் வந்த அவருடைய புத்தகத்தின் 5,000 பிரதிகளையும் பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தார் ஒரு பிரதியைப் பாங்குப் பெட்டகத்தில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அந்த ஒற்றைப் பிரதியைக் கொண்டு 2011-இல் புத்தகம் மறுபடி வெளிவந்தது.

படத்தின் பலம் காமிராவின் விலையில் இல்லை, தோழர்களே. படத்தின் கீழே பெயர் இருக்கிறதா, இல்லையா என்பதில் இருக்கிறது.

நம் மண்ணில் வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு. கூலி கூட்டிக் கேட்டதற்காக 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிந்தன. அது யார் குடிசை? ராமையாவின் குடிசை. பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் ஆவணப்படம் எடுத்தபோது அதற்கு ‘ராமையாவின் குடிசை’ என்றே பெயர் வைத்தார். அந்த ஒரு பெயரிலேயே பாதிக் கதை இருக்கிறது. பார்த்தவர்கள் வாய்திறந்து பேசுவதைப் படத்தில் கேட்கலாம். கேட்காமல் விட்டிருந்தால், அவர்கள் ஒவ்வொருவராய்ப் போன பின்பு, கோர்ட்டுக் காகிதத்தில் எழுதியது மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

திரிகையில் அரைத்த லட்சம் பாட்டு

அடுத்து மராட்டிய மாநிலத்துக்கு வாருங்கள். அங்கே கிராமத்துப் பெண்கள் விடியுமுன் எழுந்து திரிகையில் தானியம் அரைப்பார்கள். அரைக்கும்போது பாடுவார்கள். ‘ஓவி’ என்று அதற்குப் பெயர். அண்ணன், அம்மா, மாமியார், கட்டினவன், விட்டல சுவாமி, டாக்டர் அம்பேத்கர், எல்லாரும் அதில் வருவார்கள். பகலில் வாய்திறக்க முடியாததை அந்த இருட்டில், திரிகைச் சத்தத்தின் மறைவில், அந்தப் பெண்கள் சொன்னார்கள்.

பிறகு மாவு மில் வந்தது. கை ஓய்ந்தது; நல்லதுதான். பாட்டும் ஓய்ந்தது. புனாவைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கர், கய் ப்வாத்தேவான் என்ற இருவர் 1980-களில் தொடங்கி இந்தப் பாட்டுகளைச் சேகரித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். ஒரு லட்சத்துக்கு மேல் பாட்டுகள்!

அந்தச் சேகரம் இன்று எங்கே இருக்கிறது? பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புற மக்கள் ஆவணக் காப்பகத்தில், 2017 முதல் வெளிவந்துள்ளது. கைபேசி உள்ளவர் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். எழுத்து, குரல், படம், சலனப்படம் எல்லாம் சேர்ந்திருக்கும். பாடியவர் பெயர் இருக்கும். ஊர் இருக்கும். அந்தக் காப்பகத்தில் தமிழும் உண்டு.

சாய்நாத் 1990-களில் நாட்டின் மிக ஏழை ஜில்லாக்களைச் சுற்றியபோது நம் இராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் வந்தவர். உழைக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களின் கண்காட்சி ஆலை வாசலிலும், பஸ் நிலையத்திலும், விவசாயத் தொழிலாளர் கூட்டங்களிலும் வைக்கப்பட்டது. யாரைப் படம் எடுத்தாரோ அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் வைத்தார். எங்கள் ஆயாவிடம் நாங்கள் செய்யாமல் விட்டது அதைத்தான்.

சங்கம் பார்வை

இனி உங்களைப் போன்றவர்களே காமிராவைப் பிடித்த கதை ஒன்று.

அன்றைய ஆந்திரத்தில் மேடக் ஜில்லா. இன்று தெலங்கானாவில் சங்காரெட்டி. ஜஹீராபாத் சுற்றுவட்டாரத்தில் தலித் பெண்கள், கூலி வேலை செய்கிறவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர், 1990-களின் இறுதியில் வீடியோ காமிரா பிடிக்கக் கற்றார்கள். தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பு கற்றுக்கொடுத்தது. அவர்கள் வெளியூர் நிபுணர்கள் வைத்த பெயர்களைப் பயன்படுத்தவில்லை. தாங்களே பெயர் வைத்தார்கள்.

காமிரா மேலேயிருந்து கீழே பார்த்தால் அது ‘பட்டேல் ஷாட்’. பண்ணையார் அப்படித்தானே நம்மைப் பார்க்கிறார்! கீழேயிருந்து மேலே பார்த்தால் அது அடிமை ஷாட். நேருக்கு நேர், கண்ணுக்குக் கண் பார்த்தால்? அது ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லாரும் தரையில் சமமாக உட்காருகிறோம் அல்லவா, அதனால்!

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தாலும் இதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தருவார்கள்? அந்தப் பெண்கள் வாரங்கல்லில் பி.டி. பருத்தி விதைத்த விவசாயிகளின் வயலைப் பருவத்துக்குப் பருவம் போய்ப் படமெடுத்தார்கள். விதைக் கம்பெனி சொன்னதையும் வயல் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பஞ்சு நம் கைக்கு வருமுன் யார் வீட்டுக் கண்ணீரில் நனைந்து வருகிறது என்பது ஆலைத் தொழிலாளிக்கும் தெரிய வேண்டிய சங்கதி. 2008 அக்டோபர் 15 அன்று தங்கள் சொந்த வானொலி நிலையத்தையும் தொடங்கினார்கள். அதன் பெயரும் ‘சங்கம் ரேடியோ’தான்.

ஆலைத் தொழிலாளருக்கும் முன்மாதிரி உண்டு. பம்பாயில் 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் இறங்கினர். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. புகைபோக்கி நின்ற இடத்தில் மாட மாளிகைகள் எழுந்தன. மீனா மேனன், நீரா அடார்கர் இருவரும் அந்தத் தொழிலாளிகளையும் வீட்டுப் பெண்களையும் பேசவைத்து, அவர்கள் வாய்மொழியாகவே 2004-இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். ‘நூறு ஆண்டு, நூறு குரல்’ என்பது அதன் பெயரின் பொருள். நம் கோவையில், மதுரையில், இராஜபாளையத்தில், மூடிய ஆலை வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்?

சொந்தத் தறி வைத்த கூலிக்காரர்

இப்போது படம் எடுக்கும் தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயாவுக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லி, பழியை அந்தப் பிள்ளைமேல் போட்டுவிட்டுப் போவது நியாயமல்ல.

அவரை ‘சுதந்திர எழுத்தாளர்’ என்கிறார்கள். என்ன சுதந்திரம்? காமிரா அவர் கடன்பட்டு வாங்கியது. பஸ் செலவு அவருடையது. கைபேசிக் கட்டணம் அவருடையது. நான்கு நாள் அலைந்தது கணக்கில் இல்லை. எடுத்துக்கொண்ட மூன்று நிமிடத்துக்குத்தான் காசு. திருப்பி அனுப்பினால் அதுவும் இல்லை. விழுந்து காலொடிந்தால் மருத்துவச் செலவுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, வயதானால் பி.எஃப். இல்லை. சொந்தத் தறியில், நெய்த துண்டுக்குக் கூலி வாங்கும் நெசவாளி நமக்குத் தெரியும். வீட்டிலே பீடி சுற்றி, கழித்தது போக மீதிக்குக் கூலி வாங்கும் பெண்ணும் நமக்குத் தெரியும். இந்தத் தம்பி அவர்களுக்கு உடன்பிறந்தவர்! வெட்டு விழுகிற இடம் அவர் மேஜையில் இல்லை, வாங்குகிறவன் மேஜையில்.

ஆகவே பாடுகிறவரும் பதிவு செய்கிறவரும் எதிரெதிர்க் கட்சியல்ல. இரண்டு பேரும் சேர்ந்து பேரம் பேசினால்தான் மரக்கால் வெட்டப்படாமல் தப்பும். தனியாக நின்றால் இருவருக்கும் தோல்வி.

சட்டத்திலும் கொஞ்சம் பிடிமானம் உண்டு. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் ஒரு திருத்தம் வந்தது. நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. நிகழ்த்துகிறவர் என்றால் யார்? நடிகர், பாடகர் மட்டுமல்ல. கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், பாம்பாட்டிவரை அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்த உரிமைக்கு ஆயுள் 50 ஆண்டு. எங்கள் ஆயாவும் அந்தப் பட்டியலுக்குள் வருகிறவர்தான். அது அவருக்கும் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், அன்றைக்கு எங்களுக்கும் தெரியாது.

செய்ய வேண்டியவை

வாலிபர்களே, நாளைக்குக் கிராமத்துக்கும் குடியிருப்புக்கும் போகப் போகிறீர்கள். கையில் ஐந்து விஷயங்களை முடிந்துகொண்டு போங்கள்.

முதலாவது, எடுக்கும் முன் சொல்லுங்கள். எதற்கு எடுக்கிறோம், யாரெல்லாம் பார்ப்பார்கள், காசு வந்தால் எப்படிப் பங்கு என்று விளங்கச் சொல்லுங்கள். பெயர் போட்டால் வேலை போகும், ஊரில் தொல்லை வரும் என்று அவர் பயந்தால், பெயரை விடுங்கள். அவர் சம்மதித்தால் முழுப் பெயரும் போடுங்கள். ‘ஒரு மூதாட்டி’, ‘ஒரு கூலியாள்’ என்று சோம்பேறித்தனமாக எழுதாதீர்கள்.

இரண்டாவது, தொழிலைக் கேளுங்கள், கணக்கைக் கேளுங்கள். பனையேறியைப் படமெடுத்து, பின்னால் அந்தி வானத்தைக் காட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மரம் முப்பதடி, நாளைக்கு நாற்பது மரம், காலையும் மாலையும் இரண்டு தடவை என்று வைத்துக்கொண்டால், 2,400 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அந்த மனிதர் ஒரு நாளில் பெரிய கோயிலைப் பதினொரு தடவை ஏறி இறங்குகிறார்! இதைச் சொல்லிவிட்டு அவருக்குக் கிடைக்கும் வருமானத்தைச் சொல்லுங்கள். கட்டுரைக்கு வேறு உபதேசம் தேவைப்படாது.

மூன்றாவது, கண்ணீரை மட்டும் தேடாதீர்கள். நம் ஜனங்களுக்குக் கேலி தெரியும், கைத்திறன் தெரியும், வழக்குத் தெரியும். அறுந்த நூலைக் கண்மூடித் திறக்குமுன் பிணைக்கிற விரலைப் படமெடுங்கள். ஏசிய காரியக்காரனைப் பாட்டிலேயே திருப்பி ஏசியவளின் குறும்பைப் பதிவு செய்யுங்கள். இரக்கம் காட்டுவது பட்டேல் பார்வை. நமக்கு வேண்டியது சங்கம் பார்வை.

நான்காவது, முதலில் ஊருக்குக் காட்டுங்கள். பட்டணத்தான் பார்க்குமுன், கதை சொன்னவர் பார்க்க வேண்டும். ‘இது இப்படியில்லை, தம்பி’ என்று அவர் சொன்னால் திருத்த வேண்டும்.

ஐந்தாவது, காப்பாற்றி வையுங்கள். வெட்டாத முழுப் பதிவையும் இரண்டு இடத்தில் வையுங்கள். யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று காகிதத்திலும் எழுதி வையுங்கள். கம்பெனிக்காரன் கொடுக்கும் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். அவன் கடையை மூடினால் நம் சரித்திரமும் மூடும்.

முடிவாக ஒன்று

ஆயாவிடம் நாங்கள் மறுபடி போனோம். தம்பியும் வந்தார், அவருக்குத்தான் எங்களைவிட அதிக வருத்தம். நல்லவேளையாக முழுப் பதிவையும் அவர் அழிக்காமல் வைத்திருந்தார். தெருவில் வேட்டி கட்டி, ஒரு மாலைப்பொழுதில் இருபது நிமிடத்தையும் ஊருக்குப் போட்டுக் காட்டினோம். மரக்கால் வந்த இடத்தில் பெண்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து குரல் எடுத்தார்கள். வயல் முகமே பார்க்காத சின்னப் பெண்கள், ‘மரக்கால்னா என்ன ஆயா?’ என்று கேட்டார்கள். ஆயா இரண்டு கையாலும் அளவு காட்டினார். பிறகு அது எப்படிச் சிறுத்தது, எப்போது ஊர் ஒன்றுகூடிக் கேட்டது, யார் அடிபட்டார்கள் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். அதையும் தம்பி பதிவு செய்தார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டு.

விளம்பரத்தில் போன குரலை மீட்க முடியவில்லை. அந்த நஷ்டம் நஷ்டந்தான். ஆனால் “அது யாரு பாட்டு?” என்று கேட்டவருக்கு, அன்று மாலை அந்தத் தெரு பதில் சொல்லிற்று.

தோழர்களே! பண்ணையார் வீட்டில் கணக்குப் புத்தகம் இருக்கிறது. ஆலை ஆபீசில் ரிஜிஸ்தர் இருக்கிறது. கச்சேரியில் காகிதம் இருக்கிறது. அவர்கள் கதைக்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. நம் கதை நம் தாய்மார்களின் தொண்டையில் இருக்கிறது; பெரியவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. அது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்துகொண்டிருக்கிறது. கரைந்த பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘அந்தக் காலத்துல கூலி எவ்வளவு?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கடைசிவரை கேளுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.